டேங்க் செடிகளின் இலை கரைகிறது: எந்த உரம் குறைவு?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். சென்னையில் அடுக்குமாடி வீடு, இரண்டடி மீன் டேங்க், வைத்து மூன்று வாரம் ஆகிறது. உள்ளே ஆறு கப்பி மீன்கள். நட்டவை க்ரிப்டோகோரைன் வெண்ட்டி, வாலிஸ்னேரியா, அமேசான் ஸ்வோர்ட், ஜாவா ஃபெர்ன். ஆறாம் நாள் க்ரிப்ட் இலைகள் கரையத் தொடங்கின. கடைக்காரர் உரக்குறை என்று சொல்லி ஒரு திரவ உரத்தையும் ஒரு லிக்விட் கார்பன் பாட்டிலையும் கொடுத்தார். இரண்டையும் தினமும் ஊற்றி வருகிறீர்கள். இப்போது வாலிஸ்னேரியாவும் கரைகிறது, ஜாவா ஃபெர்ன் பழுப்பாகிறது, ஸ்வோர்டின் வெளி இலைகள் மஞ்சள். எந்தச் சத்து குறைவு, எந்த உரம் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் ஒரு முடிவு ஏற்கெனவே இருக்கிறது: நான்கு செடிக்கும் நோய் ஒன்று, அது பசி என்பது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு உரத்தின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. செடிகள் சாகின்றனவா, சாகின்றன என்றால் எது எதனால் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் தாவரவியல் படித்தவன். பல வருடங்களாக மொட்டைமாடித் தொட்டிகளில் நீர்ச்செடி வளர்த்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். அதனால் இந்தச் செடிகள் உங்கள் கைக்கு வருமுன் எப்படி இருந்தன என்பதை என்னால் சொல்ல முடியும். உங்கள் தண்ணீரைப் பற்றி அவ்வளவு தெரியாது. மூன்று படங்களும், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 650 என்ற ஒரு எண்ணும், சாஃப்ட்னர் வழியாக வரும் போர்வெல் தண்ணீர் என்ற தகவலும்தான் கையில் இருக்கின்றன. ஆகவே கீழே சிலது உறுதி, சிலது ஊகம். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சத்துப் பற்றாக்குறை ஆறு நாளில் இலையைக் கரைக்காது. இது உறுதி. செடி தன்னிடம் சேர்த்து வைத்திருப்பதைச் செலவழிக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகும் குறை மெதுவாக, ஓர் ஒழுங்கோடுதான் வெளியே தெரியும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்பிவிடும். அதனால் இவை குறைந்தால் முதலில் அடிபடுவது பழைய இலை. நைட்ரஜன் குறைந்தால் இலை முழுக்க மஞ்சளாகும். பொட்டாசியம் என்றால் ஊசி குத்திய அளவில் ஓட்டைகள் விழுந்து பெரிதாகும். மெக்னீசியம் என்றால் நரம்பு பச்சையாகவே நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். இரும்பும் கால்சியமும் அப்படி இடம் மாறுவதில்லை. இரும்பு போதாவிட்டால் குருத்து வெளுத்து வரும், கால்சியம் போதாவிட்டால் குருத்து சுருண்டு கோணலாக வரும். இதில் எதிலுமே இலை ஓரிரவில் வெந்த கீரை ஆவதில்லை. உங்கள் முதல் படத்தில் க்ரிப்ட் இலை பச்சை நிறம் முழுதாகப் போகாமலே ஊடுருவிப் பார்க்கும்படி ஆகி, காம்பிலிருந்து கழன்று கிடக்கிறது. செல்கள் உடைந்து சாறு வெளியேறிய இலை அது. பசித்த செடி தன் இலையை அப்படி வீணடிக்காது. உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்ட பிறகுதான் கைவிடும்.

அப்படியென்றால் ஏன் கரைந்தது? கடைக்கு வரும் நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை தண்ணீருக்குள் வளர்ந்தவை அல்ல. வேர் மட்டும் நனைய, இலை ஈரக்காற்றில் நிற்கும்படிதான் நாங்கள் வளர்க்கிறோம். காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். எனவே காற்றில் செடி சீக்கிரம் பெருகுகிறது, பாசி பிடிப்பதில்லை, நத்தை முட்டை ஒட்டுவதில்லை, பார்சலில் நசுங்காமல் போய்ச் சேருகிறது. ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க நர்சரிகள் செய்வது இதுதான். ஆனால் விற்கும்போது அதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

காற்றில் உருவான இலைக்கு மேலே மெழுகுப் பூச்சும், காற்று போய்வர இலைத்துளைகளும் இருக்கும். தண்ணீருக்குள் இவை இரண்டும் உதவாது. நீருக்கடியில் பிறக்கும் இலை மெல்லியது, பூச்சு பெயருக்குத்தான் இருக்கும், வாயுக்களை மேல்தோல் வழியாகவே நேராக எடுத்துக்கொள்ளும். ஒரு முறை உருவாகிவிட்ட இலையால் இந்த மாதிரி மாறிக்கொள்ள முடியாது என்பதால் செடி அதை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நம் நாட்டுச் செடியான வாட்டர் விஸ்டீரியாவை, அதாவது ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸை, ஒரு கொத்து வாங்கி நடுங்கள். காற்றில் வந்த இலை ஓரத்தில் பல் வைத்த சாதாரண இலையாக இருக்கும். நீருக்குள் வரும் இலை சீப்புப் பல்லாகப் பிளந்து வேறு செடியோ என்று நினைக்க வைக்கும். நீர்ப்பிரமியில் இந்த மாற்றம் மிகக் குறைவு, அதனால் அது அதிகம் சேதமில்லாமல் பழகிவிடும். மூடிய கப்பில் ஜெல்லில் வரும் திசு வளர்ப்புச் செடிக்கும் இதே கதைதான். சர்க்கரை கலந்த ஜெல்லில் வளர்ந்த இலைகள் அவை. இந்தப் பழகும் காலம் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம்.

க்ரிப்டுக்கு இதற்கு மேலும் ஒரு சுபாவம் உண்டு. தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த க்ரிப்டைப் பிடுங்கி, அடுத்த டேங்கில் நட்டாலும் அது கரையலாம். வெண்ட்டி இலங்கைக்கு மட்டுமே உரிய செடி. நிழலான ஓடைகளின் கரையிலும் படுகையிலும், தண்ணீர் ஏறும்போது மூழ்கியும் இறங்கும்போது வெளியே நின்றும் வாழ்கிறது. சேம்புக் குடும்பம் என்பதால் மண்ணுக்குள் கிழங்குத் தண்டு இருக்கிறது; இலை முழுதும் போனாலும் அங்கிருந்து துளிர்க்கும். சூழல் மாறினால் கரையும் என்பது வரை எல்லோரும் ஒப்புக்கொள்வது. எந்த மாற்றம் என்பதில்தான் சண்டை. சிலர் நைட்ரேட் அளவைச் சொல்வார்கள், சிலர் திடீர் வெளிச்சத்தை, சிலர் வேர் அறுபட்டதை. செடி வளர்ப்பவர்களின் அனுபவக் குறிப்புகள் ஏராளம், முடிவான நிரூபணம் என்று சொல்லத்தக்கது இல்லை. என் சாய்வு வேர் அறுபடுவதன் பக்கம். தொட்டியோடு சேர்த்து மெல்ல இடம் மாற்றியவை குறைவாகக் கரைவதைப் பார்க்கிறேன். ஆனால் அதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். க்ரிப்ட் நோஞ்சான் செடி என்றும் நினைக்காதீர்கள். வெண்ட்டியின் நெருங்கிய உறவான பெக்கெட்டி, அதுவும் இலங்கைச் செடிதான், அமெரிக்காவின் டெக்சஸில் சான் மார்கஸ் ஆற்றில் எப்படியோ போய்ச் சேர்ந்து, அங்கே பரவி, பிடுங்கி எறிய ஆள் போட வேண்டிய அளவுக்குப் போனது. அது ஊற்றுநீர் ஆறு. வருடம் முழுக்க வெப்பநிலை 22 டிகிரியை ஒட்டியே இருக்கும். மாறாத தண்ணீர் கிடைத்தால் இந்தக் குடும்பம் களைச்செடி.

ஆகவே உங்கள் க்ரிப்டுக்கு என் தீர்ப்பு: காற்றிலிருந்து நீருக்கு மாறியதும், இடம் மாறியதும் சேர்ந்து வந்த கரைதல். கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆறாம் நாள் வரை நீங்கள் எந்த பாட்டிலையும் திறக்கவில்லை.

வாலிஸ்னேரியாவுக்கு மேலே சொன்ன காற்று விளக்கம் பொருந்தாது. அது முழுக்க முழுக்க நீருக்குள் வாழும் செடி. அதை யாரும் காற்றில் வளர்க்க முடியாது. உங்கள் கணக்குப்படி முதல் பத்து நாள் அது நன்றாக நின்றது, ஒரு ஓடுதண்டுகூட விட்டிருக்கிறது. லிக்விட் கார்பன் ஊற்ற ஆரம்பித்த நாலைந்து நாளில் இலைகள் நுனியிலிருந்து கலங்கிக் கரைந்தன. அந்த பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் க்ளூட்டரால்டிஹைடு அல்லது அதன் நெருங்கிய வகை. மருத்துவமனைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் பொருள் அது. பல செடிகள் குறைந்த அளவைத் தாங்கிக்கொள்ளும். வாலிஸ்னேரியா, எஜேரியா, ரிச்சியா போன்றவை தாங்காது என்பது பரவலாக அறியப்பட்டது. அது உண்மையிலேயே செடிக்குக் கார்பன் ஊட்டுகிறதா, வெறுமனே பாசியை அடக்குவதால் செடி தெளிந்து தெரிகிறதா என்பது விவாதத்துக்குரியது; நான் இரண்டாவது கட்சி. இதில் அளவுப் பிழையும் சேர்ந்திருக்கலாம். இரண்டடி டேங்க் வெளி அளவில் 54 லிட்டர் வரும். கல், மேலே விட்ட இடைவெளி இவற்றைக் கழித்தால் தண்ணீர் 40, 42 லிட்டர்தான். 'தினமும் இரண்டு மூடி' என்று எழுதியிருக்கிறீர்கள். மூடியின் கொள்ளளவைப் பாட்டிலில் பாருங்கள். நட்ட அதிர்ச்சியால் வாலிஸ்னேரியா கரைவதும் உண்டுதான், ஆனால் ஓடுதண்டு விட்ட பிறகு அந்தக் காரணம் எடுபடாது.

ஜாவா ஃபெர்ன் விஷயம் உங்கள் இரண்டாவது படத்திலேயே இருக்கிறது. இலைகள் நேராக அடியில் பரப்பிய கல்லுக்குள்ளிருந்து கிளம்புகின்றன, கிழங்குத் தண்டு கண்ணில் படவில்லை. அதைப் புதைத்தால் அழுகும். தோண்டி எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, பச்சையாக இருந்தால் ஒரு கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிடுங்கள், வேலை முடிந்தது. கொழகொழவென்று நாற்றமடித்தால் அந்தப் பகுதியைக் கெட்டிப் பகுதி வரும் வரை வெட்டி எறியுங்கள். இதேபோல் கிழங்குத் தண்டுள்ள அனுபியாஸ் செடி வைத்திருப்பவர்களுக்கும் இதே சோதனைதான். இலை அடிக்காம்போடு கழன்று மிதந்தால் இலையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் தண்டை அழுத்த வேண்டும். இன்னொன்று, ஜாவா ஃபெர்ன் இலையின் பின்பக்கம் வரிசையாகக் கருப்புப் புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அவை வித்துக்கூடுகள். பழுப்பான இலையின் நுனியில் குட்டிச் செடி முளைத்திருந்தால் அந்த இலையை வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

அமேசான் ஸ்வோர்ட் ஒன்றில்தான் கடைக்காரர் பாதி சரி. வெளி இலைகள் மஞ்சளாவது பழைய காற்று இலைகள் ஓய்வு பெறுவதால் இருக்கலாம். நீண்ட காம்பும் வட்டமான பரப்பும் உள்ளவை அவை. நடுவிலிருந்து குட்டைக் காம்போடு நீளமான இலை வந்தால் நீர் இலை என்று அறியலாம். ஆனால் இது வேர் வழியாக நிறையச் சாப்பிடும் செடி. நீங்கள் போட்டிருப்பது வெறும் கழுவிய ஆற்றுக்கல், அதில் ஒன்றும் இல்லை. தண்ணீரில் ஊற்றும் உரத்தைவிட வேரடியில் புதைக்கும் உர மாத்திரை (ரூட் டேப்) இதற்குப் பொருத்தம்.

தண்ணீருக்கு வருகிறேன், ஊகம் அதிகமாக இருக்கும் இடம் இது. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. அதற்காகத்தான் உங்கள் அசோசியேஷன் மூட்டை மூட்டையாக உப்பு வாங்குகிறது. டிடிஎஸ் மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சாஃப்ட்னருக்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். 650 என்று பார்த்துவிட்டு 'தாது உப்பு தாராளமாக இருக்கிறது' என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், செடிக்கு வேண்டிய இரண்டு தாதுவும் அதில் இல்லாமலே போகலாம். ஜிஎச், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மையை, அளக்கும் சோதனைத் திரவம் வாங்கிப் பாருங்கள். அது வரும் வரை ஒரு தோராயச் சோதனை: டேங்கில் ஊற்றும் தண்ணீரில் குளியல் சோப்பைத் தேய்த்தால் நுரை பொங்கி வழிகிறதா? அப்படியென்றால் கால்சியம் குறைவு. இந்தக் குறை மூன்று வாரத்தில் உங்கள் செடிகளைக் கரைக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த சில மாதங்களில் குருத்துகள் கோணலாக வந்தால் காரணம் இதுவாக இருக்கும். அதற்குத் தீர்வு குடிக்கும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுவது அல்ல, அதிலும் இந்த இரண்டும் ஏறக்குறைய இல்லை. சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடித்துக்கொள்ள முடியுமா என்று பராமரிப்பு ஆளிடம் கேளுங்கள். அதை ஆர்ஓ தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலப்பதுதான் நான் பார்த்தவற்றில் சுலபமான வழி. கடற்கரைப் பக்கத்து போர் என்றால் முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அதுவும் உதவாது.

மூன்றாவது படத்தில் கப்பிகள் மேற்பரப்பில் வாய் வைத்து நிற்பது செடிகளைவிட எனக்குக் கவலை தருகிறது. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் டேங்க் 32 டிகிரிக்குப் போகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.3 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 32ல் 7.3 தான். அதே நேரம் மீன், செடி, அழுகும் இலையைத் தின்னும் பாக்டீரியா எல்லாமே அதிகமாக மூச்சு வாங்கும். கரைந்த இலைகள் அம்மோனியாவையும் விடும். உங்கள் போர் தண்ணீரின் பிஎச் 8 அளவில் இருக்கும் என்று எண்ணுகிறேன். 30 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8 என்றால் ஏழெட்டுப் பங்கு அப்படி இருக்கும். புது டேங்கில் அதைத் தின்னும் பாக்டீரியாவும் இன்னும் சேர்ந்திருக்காது.

அதனால் இன்றே செய்ய வேண்டியது: லிக்விட் கார்பனை நிறுத்துங்கள், முழுதாக. கரைந்த இலைகளை அடியோடு கத்தரித்து வெளியே எடுங்கள், கல்மேல் படிந்த கூழைக் குழாய் வைத்து உறிஞ்சுங்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. மெட்ரோ தண்ணீர் கலந்து வந்தால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை இரவில் கட்டாயம் ஓட்டுங்கள். பத்து மணி நேர லைட்டை ஆறாகக் குறையுங்கள், இலையே இல்லாத டேங்கில் அவ்வளவு வெளிச்சம் பாசிக்குத்தான் போகும். திரவ உரத்தை விஷம் என்று சொல்லமாட்டேன், ஆனால் எடுத்துக்கொள்ள இலை இல்லாதபோது அது வேண்டியதில்லை. புது இலை நாலைந்து வந்த பிறகு பாதி அளவில் தொடங்கலாம். மிக முக்கியமாக, க்ரிப்டைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மேல் கல்லை விரலால் லேசாக விலக்கி, கிழங்கு கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுவிட்டு மூடிவிடுங்கள். வாலிஸ்னேரியாவின் அடிக்குருத்து வெள்ளையாக, உறுதியாக இருந்தால் அதுவும் மீளும். குருத்து கல்லுக்கு மேலே தெரியும்படி மட்டும் வைத்திருங்கள்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றைக் கேட்க வேண்டும். கப்பி வாங்கும்போது கல் உப்பு போடச் சொன்னார்களா? நம் ஊர்க் கடைகளில் அது அநேகமாக இலவச ஆலோசனை. லிட்டருக்கு 2, 3 கிராம் உப்பைக் கப்பி பொருட்படுத்தாது, உங்கள் செடிகளில் சில தாங்காது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஏதாவது மருந்து ஊற்றியிருந்தால் அதில் காப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று நடந்திருந்தால் வாலிஸ்னேரியா பற்றி நான் மேலே சொன்னதில் பாதியைத் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

இதே தலைப்பில் தேடி வருபவர்களுக்காக இரண்டு வரி. இலையில் நரம்பும் மெல்லிய தோலும் மட்டும் ஜன்னலாக மிஞ்சியிருந்தால், குறிப்பாக ஸ்வோர்டில், அது கரைதல் அல்ல, ப்ளெக்கோ மீன் சுரண்டியது. அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனாலும் வேறெங்கே போனாலும் டேங்கில் வைத்து விற்கும் லக்கி பேம்பூ, சிங்கோனியம், ஃபிட்டோனியா, மோண்டோ கிராஸ் எல்லாம் தரைச்செடிகள். அவை முழுதாக மூழ்கினால் சில வாரமோ சில மாதமோ தாங்கிவிட்டு அழுகும், எந்த மருந்தும் உதவாது.

மேலே சொன்னபடி செய்தால் க்ரிப்டில் மூன்று வாரத்துக்குள் சிறிய, கொஞ்சம் பழுப்பேறிய புதுத் துளிர் தெரிய வேண்டும். அந்தப் புது இலையும் ஊடுருவித் தெரிந்து கரைந்தால் என் கணிப்பு தவறு, தண்ணீரில் நான் காணாத ஏதோ இருக்கிறது. அப்போது ஜிஎச், கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை), பிஎச், அம்மோனியா நான்கையும் எழுதுங்கள், சாஃப்ட்னருக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக, தனித்தனியாக.